இனம் என்ற நிரல்

திங்கட்கிழமை பெக்கோ வரும்.
அதற்குள் எண்ணி முடிக்கச் சொன்னார்கள்,
வெள்ளவத்தைக் கால்வாயில்
உயிரோடிருப்பதை எல்லாம்.

துலாஞ்சலியிடம் வலை.
மிஸ்பாஹிடம் போத்தல்களும் சின்னத் தராசும்.
என்னிடம் படிவம்:
தொடரிலக்கம், இடம், நேரம், இனம், எண்ணிக்கை,
கடைசியில் விரற்கடை அகலத்துக்குக் குறிப்பு.

ஆறரை மணிக்குக் கபரக்கொய்யா ஒன்று
பாலத்தடியில் ஷொப்பிங் பையை மென்றபடி
எங்களை முதலில் பதிவு செய்தது.
பிறகுதான் நாங்கள் அதை.

குருட்டுக்கொக்கு, நான்கு.
சிங்களத்திலும் அதற்குக் குருடென்றே பெயர்,
கண கொக்கா, என்றாள் துலாஞ்சலி.
எத்தனையோ விடயத்தில் ஒத்துவராத இரண்டு மொழியும்
இந்தப் பிழையில் தோளோடு தோள் நிற்கின்றன.
கொக்கு அசையவில்லை.
மஞ்சள் கண்ணால் எங்களையும் மீனையும் பார்த்து
மீனைத் தேர்ந்தது.

கட்டில் தூண்டிலோடு லசரஸ் அண்ணன்.
அவருடைய உலகில் மூன்று வகைதான்:
கறிக்கு, இரைக்கு, பூனைக்கு.
யப்பான் மீன் கறிக்கு. மண்புழு இரைக்கு.
முள்ளுத்தோல் போர்த்த டேங்க் கிளீனர் பூனைக்கு,
ஆனால் பூனையும் மோந்துவிட்டுப் போய்விடும்.
"அதுக்கு நாலாவது ஒண்டு வேணும் பிள்ளை,
எழுதிக்கொள்ளுங்கோ."

பத்து மணிபோல் வலையில் அது வந்தது.
சுண்டுவிரல் நகத்தளவு. சேற்று நிறம்.
மணலை மணலோடு ஒட்டி
தானே கட்டிய குழாய்க்குள் உடம்பு;
வாசலில் ஒரு துணுக்கு நீலப் பிளாஸ்டிக்.
இந்தத் தண்ணீரில் இதுவா, என்றான் மிஸ்பாஹ்.

கையேட்டைத் திறந்தேன்.
கால்கள் உண்டா? ஆம் எனில் நான்குக்குச் செல்க.
மூன்று சோடியா? ஆம் எனில் ஏழுக்கு.
செவுள் வயிற்றில் எனில் பதினொன்று,
வாலில் எனில் பதினான்கு.
இரண்டிலும் இருந்தது.
மறுபடி ஒன்றுக்கு வந்தேன்.

இந்தக் கேள்விகளின் நடை எனக்குப் பழக்கம்.
இதே பாலம். எனக்குப் பத்தொன்பது வயது.
அடையாள அட்டை உண்டா? ஆம் எனில் இடப்பக்கம்.
பிறந்த இடம் வடக்கா? ஆம் எனில் பையைத் திற.
பொலிஸ் பதிவு உண்டா?
இல்லை எனில் ஜீப்.
அங்கேயும் ஒரு படிவம் இருந்தது,
அதிலும் நான்காவது நிரல் இதே சொல்.
ஒரே சொல்லைத்தான் தமிழ்
இரண்டு வேலைக்கும் அனுப்புகிறது.

நான் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை என்றே நினைத்தேன்.
"எங்கட ஆக்களுக்கு மொழி ஒரு பெட்டி, இனம் இன்னொரு பெட்டி,"
என்றான் மிஸ்பாஹ், வலையை உதறிக்கொண்டு.
"ஒவ்வொரு முறையும் ரெண்டு தரம் பாப்பாங்க."
துலாஞ்சலிக்கு எவ்வளவு விளங்கியதோ.
அவள் தொப்பியைக் கழற்றித்
தட்டுக்கு நிழல் பிடித்தாள்.

சரியாய் அறிய ஒரே வழி
எழுபது வீத மதுசாரம்.
போட்டால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும்,
ஒருவேளை புதிய பெயர்.
விட்டால் திங்கள், பெக்கோ.

நாங்கள் பேசி முடிக்கவில்லை.
தட்டில் அது தலையை நீட்டியது,
வலையிலிருந்து பிரிந்த நூலொன்றை
முன்காலால் இழுத்து, அளந்து, கடித்து
நீலத்துக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கியது.

மிஸ்பாஹ் போத்தலில்
கால்வாய்த் தண்ணீரையே ஊற்றினான்.
அத்திடியச் சதுப்புக்கு ஓட்டோவில் எவ்வளவு எடுப்பான்
என்று லசரஸ் அண்ணனைக் கேட்டான்.
அறுநூறுக்குக் குறையாது என்றார் அவர்,
எட்டிப் பார்த்தபடி. "இது எந்த வகை?"

தொடரிலக்கம் பதினேழு.
இனம்: வெறுமை.
எண்ணிக்கை: ஒன்று.
விரற்கடைக்குள் எழுத்தைச் சுருக்கி எழுதினேன்:
வீடு கட்டிக்கொண்டிருக்கிறது.